யார் நல்லாச் சாப்பிட்டாங்க, சேர்?

(சற்று நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வரலாறு படிப்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் உயர்தர மாணவர்களுக்கும் பயன்படும் என்று நினைத்தால் பகிர்ந்துகொள்ளுங்கள்.)

சென்ற தவணையில் தரம் 10 வகுப்பில் ஐரோப்பியரின் கடற்பயணங்கள் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். வழமைபோலக் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் ஸ்பெயின்: தங்கம், வெள்ளி, கப்பல்கள், பேரரசு. வலப்பக்கம் வட அமெரிக்கப் பழங்குடிகள்: வேட்டை, கூடாரம், நாடோடி வாழ்வு. உதாரணத்துக்குக் கனடாவின் கிறீ மக்களின் பெயரையும் எழுதினேன். ஆசிரியர் கலாசாலையில் எனக்குச் சொல்லித்தந்த முறை அது. ஒப்பிட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்கு மனதில் பதியும்.

பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கை உயர்த்தினாள்.

"சேர், இந்த ரெண்டு பேர்ல யாரு நல்லாச் சாப்பிட்டாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு விடை தெரியவில்லை. "அடுத்த பாடத்தில் சொல்கிறேன்" என்று சமாளித்துவிட்டு வெளியே வந்தேன். பத்து வருடமாக அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறேன். ஒரு சமூகம் செல்வமாக இருந்ததா என்று அறிய முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதை ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து தேடி வாசித்ததன் சுருக்கம்தான் இந்தப் பதிவு.

■ முதலில் கிறீ மக்கள்

கனடாவின் முதற்குடி மக்களுள் மிகப் பெரிய பிரிவுகளில் ஒன்று கிறீ. கிழக்கே ஜேம்ஸ் விரிகுடாக் கரையிலிருந்து மேற்கே றொக்கி மலையடிவாரம் வரை பரந்து வாழ்கிறார்கள். 2016ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 3,50,000க்கும் அதிகமானோர் தமக்குக் கிறீ வம்சாவளி உண்டு என்று பதிந்திருக்கிறார்கள்.

1668இல் 'நொன்சச்' என்ற சிறு கப்பல் இலண்டனிலிருந்து புறப்பட்டு ஜேம்ஸ் விரிகுடாவுக்கு வந்தது. ரூபர்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, அடுத்த ஆண்டு கப்பல் நிறைய பீவர் தோலுடன் திரும்பியது. பீவர் என்பது ஆற்றில் அணைகட்டி வாழும், அடர்ந்த மயிருள்ள ஒரு விலங்கு. 1670 மே 2ஆம் திகதி இரண்டாம் சாள்ஸ் மன்னர் ஹட்சன் விரிகுடாக் கம்பனிக்குப் பட்டயம் வழங்கினார். அந்த விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதும் கம்பனிக்குச் சொந்தம் என்று அதில் எழுதப்பட்டது. இன்றைய கணக்கில் சுமார் 39 இலட்சம் சதுர கிலோமீற்றர். இதற்கு ஈடாக மன்னருக்குக் கொடுக்கவேண்டிய வாடகை என்ன தெரியுமா? அவர் எப்போதாவது அந்தப் பக்கம் வந்தால் இரண்டு மானும் இரண்டு கறுப்பு பீவரும்! நிலத்தில் வாழ்ந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், அடுத்த நூறு வருடம் நடந்தது வேறு. கம்பனிக்காரர்கள் விரிகுடாக் கரையில் சில கோட்டைகளுக்குள் குந்தியிருந்தார்கள். உள்நாட்டுக்குப் போகும் வழியும் தெரியாது, ஓடம் செய்யவும் தெரியாது, பனிக்காலத்தில் உணவு தேடவும் தெரியாது. கோட்டையைச் சுற்றி வாழ்ந்த கிறீ வேட்டைக்காரர்கள் வாத்தும் மீனும் மான் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்துத்தான் அவர்கள் உயிர் தப்பினார்கள். பனிச்சப்பாத்து பின்னிக் கொடுத்தவர்களும் தோலைப் பதப்படுத்தியவர்களும் கிறீப் பெண்கள். அவர்கள் இல்லாமல் கம்பனி ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டியிருக்காது.

■ தோலே நாணயம்

காசு புழங்காத அந்த நாட்டில் கணக்குப் பார்க்க ஓர் அலகு வேண்டுமே. குளிர்காலத்தில் பிடித்த, நன்கு பதப்படுத்திய ஒரு முழுப் பீவர் தோலே அந்த அலகு. எல்லாப் பொருளுக்கும் விலை தோலில்தான். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யோர்க் கோட்டையில் ஒரு துப்பாக்கிக்குச் சுமார் 14 தோல், ஒரு கம்பளிப் போர்வைக்குச் சுமார் 7 தோல்.

கிறீக்கள் ஏமாளிகள், கண்ணாடி மணிக்கும் சாராயத்துக்கும் எல்லாவற்றையும் விற்றார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கம்பனியின் கணக்குப் புத்தகங்களே அதை மறுக்கின்றன. வியாபாரம் தொடங்குமுன் இரு தரப்பும் அன்பளிப்புப் பரிமாறி, புகைக்குழல் பற்றவைத்துப் பேசுவார்கள். கிறீக் குழுவின் தலைவர் முதலில் கேட்பது அளவு சரியாக இருக்கவேண்டும் என்பதைத்தான். ஏனென்றால் கோட்டை அதிகாரிகள் வெடிமருந்தையும் துணியையும் குறைத்து அளந்து இலாபம் பார்ப்பது வழக்கம். அதைக் கணக்கில் தனியாக எழுதியும் வைத்தார்கள். தரமில்லாத துப்பாக்கியும் ஓட்டைக் கேத்தலும் வந்தால் கிறீக்கள் வாங்கமாட்டார்கள். தெற்கே பிரெஞ்சு வியாபாரிகள் இருந்தார்கள்; ஒருவன் விலையைக் கெடுத்தால் மற்றவனிடம் போவார்கள். இந்த முறைப்பாடுகள் எல்லாம் இலண்டனுக்கு எழுதப்பட்டு, கம்பனி தன் பொருட்களின் தரத்தை மாற்றியிருக்கிறது.

இன்னொன்று. துப்பாக்கியையும் கேத்தலையும் சில காலம் பாவித்துவிட்டு, விரிகுடாவுக்கு வராத உள்நாட்டு மக்களிடம் அதிக விலைக்கு, அதாவது கூடிய தோலுக்கு, கொடுப்பார்கள். நடுவில் நின்ற தரகர்கள் அவர்கள்தான். நான் கரும்பலகையில் எழுதிய 'நாடோடி வாழ்வு' என்ற சொல்லுக்குள் இந்த வியாபாரம் எங்கே இருக்கிறது?

வேடிக்கையான ஒரு விடயம்: புதுத் தோலைவிடப் பழைய தோலுக்குத்தான் மவுசு அதிகம். கிறீக்கள் பீவர் தோலில் மேலங்கி தைத்து மயிர்ப்பக்கம் உடம்பில் படும்படி ஒரு வருடத்துக்கு மேல் உடுப்பார்கள். நீண்ட முரட்டு மயிர் உதிர்ந்து, அடியிலுள்ள மென்மயிர் மட்டும் எண்ணெய்ப் பிடிப்போடு மிஞ்சும். தொப்பி செய்பவனுக்குத் தேவை அந்த மென்மயிர்தான். உடுத்துக் கழித்த உடுப்புக்கு நல்ல விலை!

சரி, சாப்பாடு? ஆன் கார்லோஸ், பிராங்க் லூயிஸ் என்ற இரு பொருளியல் வரலாற்றாசிரியர்கள் இந்தக் கணக்குப் புத்தகங்களை வைத்து, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரிகுடாப் பகுதி வேட்டைக்காரர்களின் வாழ்க்கைத் தரத்தை அதே காலத்து ஆங்கிலேயத் தொழிலாளியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீடு, உடுப்பு போன்றவற்றில் ஆங்கிலேயன் மேல். உணவில் கிறீக்கள் மேல். இறைச்சியும் மீனும் நிறைந்த சாப்பாடு. மொத்தத்தில் பெரிய தூரமில்லை. மதுவைப் பற்றியும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்; ஒரு தலைக்கு வந்த அளவு அன்றைய ஆங்கிலேயன் குடித்ததை விடக் குறைவு.

இதை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. விலங்கு கிடைக்காத வருடம் பட்டினிதான். பசியால் மெலிந்து கோட்டை வாசலுக்கு வந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் கம்பனியின் நாட்குறிப்புகளில் இருக்கின்றன. அதனால்தான் அவர்களிடம் ஒரு வழக்கு இருந்தது: பசித்தவன் யாருடைய வேட்டை நிலத்திலும் உணவுக்காக வேட்டையாடலாம். அவனைத் தடுக்கக் கூடாது. காப்புறுதிக் கம்பனி இல்லாத இடத்தில் அதுவே காப்புறுதி.

■ இனி ஸ்பெயின்

1545இல் இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மெக்சிக்கோவின் சக்காதேக்காஸில். பொத்தோசியின் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்கள் ஸ்பானியர்கள் அல்ல. 1570களில் ஆளுநர் தொலேதோ ஏற்படுத்திய 'மித்தா' என்ற கட்டாய வேலை முறையின்படி, சுற்றியிருந்த மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துப் போகவேண்டும். வருடத்துக்குச் சுமார் 13,000 பேர். 1503 முதல் 1660 வரை பதிவுசெய்யப்பட்டு செவில் துறைமுகத்தில் இறங்கிய வெள்ளி மட்டும் ஏறத்தாழ 16,000 தொன். பதியாமல் வந்தது வேறு.

இவ்வளவும் வந்து சேர்ந்த நாட்டின் கஜானா எப்படி இருந்தது? 1557, 1575, 1596, 1607, 1627, 1647. இவை வெற்றி பெற்ற ஆண்டுகள் அல்ல. ஸ்பானிய முடி தன் கடனைக் குறித்தபடி கட்ட முடியாது என்று கைவிரித்த ஆண்டுகள்!

காரணம் பலது. முதலாவது யுத்தம். நெதர்லாந்தோடு மட்டும் 1568 முதல் 1648 வரை எண்பது வருடம். கப்பல் செவிலுக்கு வருமுன்னமே அதிலுள்ள வெள்ளி ஜெனோவா வங்கிக்காரர்களுக்கும் ஜேர்மன் வங்கிக்காரர்களுக்கும் அடகாகிவிட்டிருக்கும்.

இரண்டாவது விலைவாசி. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் விலைகள் ஏறத்தாழ நான்கு மடங்காயின. உள்ளூரில் நெய்த துணி விலை கூடியதாகவும், வெளிநாட்டுத் துணி மலிவாகவும் ஆயிற்று. காஸ்தீலின் செம்மறி ஆட்டுரோமம் ஐரோப்பாவிலேயே சிறந்தது. ஆனால் அதைக் கச்சாவாகவே பிளாண்டர்ஸுக்கு ஏற்றினார்கள். நெய்த துணியை அங்கிருந்து திரும்ப வாங்கினார்கள். ஆட்டு உரிமையாளர்களின் சங்கமான 'மெஸ்தா'வுக்கு 1273ஆம் ஆண்டிலிருந்தே அரசனின் பட்டயம் இருந்தது. அவர்களுடைய மந்தைகள் நாட்டின் குறுக்கே நடந்துபோக வழிவிடவேண்டும், பயிர்செய்பவன் ஒதுங்கவேண்டும்.

மூன்றாவது வரி. 1591ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி காஸ்தீலின் குடும்பங்களில் பத்தில் ஒன்று 'இதால்கோ' எனப்படும் பிரபுவகை. அவர்கள் நேரடி வரி கட்டத் தேவையில்லை. அப்படியானால் யார் கட்டுவது? உழவனும் நெசவாளியும். 1590இல் வந்த 'மில்லியோனெஸ்' வரி இறைச்சி, எண்ணெய், வினாகிரி, வைன் எல்லாவற்றிலும் விழுந்தது. சாப்பாட்டுத் தட்டில் விழுந்த வரி.

நான்காவது கௌரவம். கையால் வேலைசெய்வது இழிவு. அரச கடன்பத்திரம் வாங்கி வட்டியில் வாழ்வது மேன்மை. 1554இல் வெளிவந்த 'லசாரில்யோ தே தோர்மெஸ்' என்ற கதைநூலில் ஒரு பிரபு வருகிறார். வீட்டில் ஒரு துண்டு ரொட்டி இல்லை. ஆனால் சாப்பிட்டு முடித்தவர்போல் பல்லுக்குத்திக்கொண்டு வாசலில் நிற்பார். அவருடைய வேலைக்காரப் பையன் பிச்சையெடுத்து வந்து அவருக்கு ஊட்டுகிறான். ஸ்பெயினின் அந்த நூற்றாண்டைப் பற்றி நான் வாசித்த எந்தப் புள்ளிவிபரமும் இந்த ஒரு காட்சி அளவுக்கு விளங்கவைக்கவில்லை.

இது வெளியார் சொன்ன குறை அல்ல. 1600இல் வல்லதொலித் நகரத்து சட்டவறிஞர் கொன்சாலெஸ் தே செயோரிகோ இதையே எழுதினார். உற்பத்தி இல்லாத செல்வம் காற்றில் பறக்கும் காகிதம் போன்றது. நாடு ஏழையானதே அந்தச் செல்வத்தால்தான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதற்குச் சற்றுமுன் தொடங்கிய கொள்ளைநோய் 1602 வரை நீடித்து சுமார் 5 இலட்சம் பேரைக் கொண்டுபோனது. விளைச்சல் பொய்த்த வருடங்களில் பசித்திருந்த உடல்களை நோய் இலகுவாகப் பிடித்தது.

■ வெளியேற்றம்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1609 செப்டெம்பரில் வாலென்சியாவில் ஓர் ஆணை வாசிக்கப்பட்டது. மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாயத்தின்பேரில் ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள், நாட்டைவிட்டுப் போகவேண்டும். 1614க்குள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். வாலென்சியா இராச்சியம் தன் மக்களில் மூன்றில் ஒரு பங்கை இழந்தது.

நாம் இதை வழமையாக ஒரு சோகக் கதையாக மட்டும் சொல்லிவிட்டு விடுகிறோம். அது சோகம்தான். ஆனால் வரலாற்று ஆசிரியன் கணக்கையும் பார்க்கவேண்டும். வாலென்சியாவின் வாய்க்கால் பாசன நிலங்களையும் கரும்பு வயல்களையும் பார்த்தவர்கள் அந்த மக்கள். அவர்களை அனுப்பவேண்டாம் என்று முதலில் வாதாடியவர்களில் அவர்களுடைய நிலப்பிரபுக்களும் இருந்தார்கள். அன்பினால் அல்ல, குத்தகை நின்றுவிடும் என்பதால். நிலப்பிரபு வாங்கிய கடனுக்கு அந்தக் குத்தகைதான் வட்டி. குத்தகை நின்றதும் கடன் கொடுத்த நகரத்துக் குடும்பங்களும் மடங்களும் சேர்ந்து விழுந்தன. பல கிராமங்கள் வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன. ஒரு சமூகத்தை வெளியே தள்ளினால் போவது அந்தச் சமூகம் மட்டுமல்ல. அதன் கையிலிருந்த வேலையும் சேர்ந்து போகிறது.

■ இருவரையும் இணைத்த தொப்பி

ஆரம்பத்தில் இந்த ஒப்பீடு வலிந்து செய்யப்பட்டதாக எனக்கே தோன்றியது. இவர்கள் பனிக்காட்டில், அவர்கள் மத்தியதரைக் கரையில். காலமும் ஒரு நூற்றாண்டு வித்தியாசம். ஆனால் ஒரு பொருள் இருவரையும் இணைக்கிறது. தொப்பி.

இங்கிலாந்திலிருந்து 1700இல் ஏற்றுமதியான பீவர் தொப்பிகள் சுமார் 70,000. 1760இல் 5 இலட்சத்துக்கும் மேல். ஸ்பெயினும் போர்த்துக்கலும் அவற்றுக்கு முக்கியமான சந்தைகள். அதாவது ஒரு கிறீக் குடும்பம் பனிக்காலம் முழுக்க உடுத்திருந்த மேலங்கி இலண்டனில் தொப்பியாகி, காடிஸ் நகரத்துக் கனவானின் தலையில் ஏறியது. அவர் அதற்குக் கொடுத்த காசு, அமெரிக்கச் சுரங்கத்தில் வேறொரு பழங்குடி வெட்டியெடுத்த வெள்ளி. தோல் கொடுத்தவனுக்கு ஒரு கேத்தல் கிடைத்தது. வெள்ளி கொடுத்தவனுக்கு மூச்சுநோய் கிடைத்தது. தொப்பி போட்டவருக்கு மரியாதை கிடைத்தது. நடுவில் தொப்பி தைத்த நாட்டில் தொழில் வளர்ந்தது.

இனிப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். கார்லோஸும் லூயிஸும் ஒப்பிட்டது ஆங்கிலேயத் தொழிலாளியோடு. அன்றைய ஸ்பானியத் தொழிலாளியின் மெய்க்கூலி, அதாவது கூலியால் உண்மையில் வாங்கக்கூடிய பொருளின் அளவு, ஆங்கிலேயனை விடக் குறைவு. ஆகவே 18ஆம் நூற்றாண்டின் நடுவில், நல்ல வருடமொன்றில், யோர்க் கோட்டைப் பக்கத்துக் கிறீ வேட்டைக்காரன் தன் காலத்து அந்தலூசியாக் கூலியாளை விட நன்றாகச் சாப்பிட்டான் என்று துணிந்து சொல்லலாம். கூலியாளின் கூரை பலமானது. வேட்டைக்காரனின் சட்டி நிறைந்தது.

பெருமை என்பதும் இரண்டு இடத்திலும் வேறு வேறு. காஸ்தீலில் பெரிய மனிதன் என்றால் வரி கட்டாதவன், வேலை செய்யாதவன். கிறீக்களிடம் வியாபாரத் தலைவனுக்குக் கம்பனி சிவப்பு மேலங்கியும் தொப்பியும் அன்பளிப்பாகக் கொடுக்கும். ஆனால் பெற்ற அன்பளிப்புகளைத் தன் கூட்டத்துக்குப் பங்கிட்டுக் கொடுக்காவிட்டால், அடுத்த வருடம் அவன் பின்னால் ஓடங்கள் வராது.

■ பிறகு நடந்தது

அப்படியானால் இன்று ஏன் நிலை தலைகீழ்? இங்கேதான் என் கரும்பலகைக் கோடு உண்மையில் பிழைத்தது. நான் கி.பி. 1900இன் நிலையை எடுத்து, அது என்றென்றும் அப்படியே இருந்தது போலக் காட்டியிருக்கிறேன்.

கிறீக்களின் சரிவு ஒரே நாளில் வரவில்லை. தோல் விலை ஏற ஏற பீவர் குறைந்தது. இதில் கிறீக்களின் கையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1774இல் கம்பனி உள்நாட்டில் கம்பர்லண்ட் ஹவுஸ் நிலையத்தைத் திறந்தது, தரகு போயிற்று. 1781-82இல் பெரியம்மை வந்தது. சில கூட்டங்களில் பாதிக்கு மேல் அழிந்தார்கள். வேட்டையாட ஆளில்லாமல் கோட்டைகளுக்கு வரும் தோலும் சரிந்தது. 1821இல் ஹட்சன் விரிகுடாக் கம்பனியும் அதன் போட்டிக் கம்பனியும் ஒன்றாயின. விலை பேச இரண்டாவது கடை இல்லாமல் போனது. வாடிக்கையாளன் கடன்காரன் ஆனது அதன் பிறகுதான்.

1870இல் அந்த முழு நிலமும் கனடாவுக்குக் கைமாறியது. கம்பனிக்கு 3 இலட்சம் பவுணும், வளமான நிலப்பகுதியில் இருபதில் ஒரு பங்கும். கிறீக்களுக்கு ஒன்றுமில்லை. மேற்குப் புல்வெளியில் வாழ்ந்த கிறீக்களின் உணவான காட்டெருமை 1870களின் கடைசியில் அங்கே ஏறத்தாழ இல்லாமலே போனது. 1876இல் ஆறாம் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது கிறீத் தலைவர்கள் பேசிப் பெற்றுக்கொண்டவற்றுள் முக்கியமானவை இரண்டு: பஞ்ச காலத்தில் உதவி, ஒரு மருந்துப் பெட்டி. பசியும் நோயும் வருகின்றன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய கரடி என்று அறியப்பட்ட மிஸ்தஹிமாஸ்குவா என்ற தலைவர் ஆறு வருடம் கையெழுத்திட மறுத்தார். 1882 டிசெம்பரில் இட்டார். தன் மக்கள் பட்டினி கிடந்ததால் இட்டார். அக்காலத்தில் உணவுப் பங்கீடு, பணியவைக்கும் ஆயுதமாகப் பாவிக்கப்பட்டது.

1885க்குப் பிறகு ஒதுக்கிடத்தை விட்டு வெளியே போக அதிகாரியின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆயிற்று. இதற்குச் சட்டமே இல்லை, நடைமுறை மட்டும். மாதக்கணக்கில் ஓடத்தில் போய் வியாபாரம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அடுத்த ஊருக்குப் போகச் சீட்டு! அதன்மேல் வதிவிடப் பாடசாலைகள். கனடா முழுவதும் சுமார் 1,50,000 பழங்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து அவற்றில் வைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. கடைசிப் பாடசாலை 1990களில்தான் மூடப்பட்டது. ஓர் ஆசிரியனாக இந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. அந்த வேலையைச் செய்தவர்களின் பதவிப் பெயரும் 'ஆசிரியர்' தான்.

■ நமது காலம்

1971 ஏப்ரலில் கியூபெக் முதல்வர் ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்தை அறிவித்தார். தங்கள் ஆறுகள் மறிக்கப்படப் போகின்றன என்பதை அங்கு வாழ்ந்த சுமார் 6,000 கிறீக்கள் செய்திகள் மூலமாகத்தான் அறிந்தார்கள். பில்லி டயமண்ட் போன்ற இளம் தலைவர்கள் வழக்குப் போட்டார்கள். 1973 நவம்பரில் நீதிபதி மலூஃப் வேலையை நிறுத்தும்படி தீர்ப்பளித்தார். ஒரு வாரத்தில் மேல்நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. ஆனால் அந்த ஒரு வாரம் போதுமாக இருந்தது. அரசாங்கம் பேச்சு மேசைக்கு வந்தது. 1975 நவம்பர் 11ஆம் திகதி உடன்படிக்கை. கிறீக்களுக்கும் இனுவிட்டுக்களுக்கும் சேர்த்து 225 மில்லியன் டொலர். கல்வியும் சுகாதாரமும் அவர்கள் கையில். 2002இல் இன்னொரு உடன்படிக்கை. ஐம்பது வருடத்தில் 3.5 பில்லியன் டொலர்.

1975 உடன்படிக்கையின்படி ஒரு திட்டம் வந்தது. வருடத்தில் குறைந்தது 120 நாள் காட்டில் வேட்டையாடி வாழும் குடும்பத்துக்கு, அந்த நாட்களுக்கு வருமானம். இதேபோல ஒன்று ஸ்பெயினிலும் இருக்கிறது. பெருநிலப் பண்ணைகளால் நிலமற்றுப்போன அந்தலூசியா, எஸ்திரமதுரா கூலியாட்களுக்கு 1984 முதல் ஓர் உதவித்தொகை. ஆரம்பத்தில் வருடத்தில் 60 நாள் வயலில் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு திட்டமும் நாளைத்தான் எண்ணுகின்றன. ஆனால் ஒன்று, இன்னும் தன் வேட்டை நிலத்தில் நிற்பவனுக்கு. மற்றது, நிலமே கிடைக்காதவனுக்கு.

எல்லாக் கிறீ ஊரும் ஒன்றல்ல. ஒன்ராறியோப் பக்கத்தில் உள்ள அத்தவாபிஸ்கட் ஊருக்கு அருகே 2008இல் வைரச் சுரங்கம் திறந்தது. 2011இல் அதே ஊர், மக்களுக்கு இருக்க வீடில்லை என்று அவசரநிலை அறிவித்தது. 2019இல் வைரம் முடிந்தது, சுரங்கம் மூடப்பட்டது. பொத்தோசியின் கதைதான், சிறிய எழுத்தில். ஸ்பெயினோ 1986இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்து, பாதையும் ரயிலும் ஆஸ்பத்திரியும் கட்டிக்கொண்டது. இம்முறை வெளியிலிருந்து வந்த காசு யுத்தத்துக்குப் போகவில்லை.

■ அந்தப் பிள்ளைக்குச் சொன்னது

அடுத்த பாடத்துக்குப் போனேன். அதே கோட்டைப் போட்டேன். இம்முறை மேலே 'யாரிடம் என்ன இருந்தது' என்று எழுதவில்லை. மூன்று கேள்வி எழுதினேன். வளம் யார் கையில்? விலையைத் தீர்மானிப்பது யார்? கஷ்டம் வந்தால் யார் யாரைத் தாங்குவது?

விலை பேச இரண்டு கடை இருந்த வரைக்கும், பசித்தவனைத் தாங்கும் வழக்கு இருந்த வரைக்கும், கிறீக்கள் கூடாரத்தில் இருந்துகொண்டே நன்றாக வாழ்ந்தார்கள். நிலமும் பேரமும் கையைவிட்டுப் போனபோது ஏழையானார்கள். ஸ்பெயினிடம் உலகத்தின் வெள்ளி இருந்தது. ஆனால் உழைப்பவனை வரியால் அழுத்தி, ஒரு சமூகத்தையே துரத்தி, மீதியைப் போருக்குக் கொடுத்தது. இருவரையும் சமமாக நிறுத்தவும் முடியாது. ஸ்பெயின் பிறரைச் சுரங்கத்துக்குள் இறக்கிய பேரரசு. கிறீக்கள் யாரையும் இறக்கவில்லை. ஸ்பெயினின் வீழ்ச்சி பெரும்பாலும் தன் கையால். கிறீக்களின் வீழ்ச்சி பெரும்பாலும் பிறர் கையால்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை சொன்னாள்: "அப்ப சேர், போன பாடத்துல நீங்க எழுதினது பிழைதானே?"

ஆம் மகள், பிழைதான். பத்து வருடமாக என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்கள் கொப்பியில் அந்தக் கோடு இன்னும் இருந்தால், வலப்பக்கத்தில் 'நாடோடி வாழ்வு' என்பதை வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று கீழே சொல்லுங்கள், நானும் வாசிக்கிறேன்.